அம்மா வாட்ஸ்அப்ப எவனோ தூக்கிட்டான், திரும்ப வந்துருச்சு, இனிமே என்ன பண்றது?

அரைத்தூக்கம்:
போன வாரம் நடந்தது. அம்மாவுக்கு அவங்க கூட வேலை பார்த்த ஒரு அக்கா நம்பர்லேர்ந்து மெசேஜ், "தெரியாம உங்க நம்பருக்கு ஒரு 6 இலக்க கோடு போயிருச்சு, கொஞ்சம் அனுப்புங்க, அவசரம்"னு. நம்பர் அவங்களோடதுதான், டிபியும் அவங்களோடதுதான். அம்மா அனுப்பிட்டாங்க. கொஞ்ச நேரத்துல வாட்ஸ்அப் லாக் அவுட் ஆயிருச்சு, சாயங்காலம் அம்மா பேர்ல சொந்தக்காரங்க எல்லாருக்கும் "ஆஸ்பத்திரில இருக்கேன், கொஞ்சம் பணம் போட முடியுமா, நாளைக்கு தந்துடறேன்"னு போயிருக்கு. சித்தப்பா போட்டும் விட்டுட்டார்.

எனக்கு தாங்கவே முடியாதது என்னன்னா அம்மா ரெண்டு நாள் யார்கிட்டயும் மூச்சு விடல. போனை கவுத்து வச்சிட்டு, கேட்டா "சார்ஜ் நிக்க மாட்டேங்குது"ன்னு சொல்லிட்டே இருந்தாங்க. சித்தப்பா எனக்கு போன் பண்ணி "அண்ணிக்கு இப்ப உடம்பு எப்படிப்பா இருக்கு"ன்னு கேட்டப்பதான் விஷயமே தெரியும். நானும் சும்மா இல்லாம "இது கூடவா தெரியாது"ன்னு கத்தித் தொலச்சிட்டேன்.

அக்கவுன்ட் திரும்ப வந்துருச்சு. ஆனா அடுத்தது வேற ரூபத்துல வருமே, பார்சல்ம்பான், வேலைம்பான், பேங்க்ம்பான், ஒண்ணொண்ணா எப்படி சொல்லிக் குடுக்கிறது? உங்க வீட்ல என்ன பண்றீங்க?

கடைசி பெஞ்ச்:
ப்ரோ, மொதல்ல அந்த அக்காவுக்கு போன் போடுங்க. அவங்க அக்கவுன்டும் போயிருக்கும், அவங்களுக்கே இன்னும் தெரியாம கூட இருக்கலாம். இது சங்கிலி மாதிரி, ஒருத்தர் அக்கவுன்ட்ட புடிச்சா அவர் இருக்கிற குரூப்ல உள்ளவங்க நம்பர் எல்லாம் கையில வந்துரும், அடுத்த ஆளை அங்கேர்ந்து புடிப்பான். பழைய சாட் அவனுக்கு தெரியாது, அது அம்மா போன்லதான் இருக்கு, அந்த அளவுக்கு நிம்மதி.

அந்த கோடு ஏன் வந்துச்சுன்னு அம்மாவுக்கு புரிய வைங்க, "அனுப்பாதே"ன்னு மட்டும் சொன்னா பத்தாது. அவன் தன் போன்ல வாட்ஸ்அப் போட்டு அம்மா நம்பரை அடிச்சிருக்கான், அது அம்மாதானான்னு சரிபார்க்க வாட்ஸ்அப் அனுப்பினதுதான் அந்த கோடு. அதாவது வீட்டு சாவி. எவனாவது நம்பரை தப்பா அடிச்சு தவறி வந்திருந்தாலும் அது நம்ம அக்கவுன்ட்டோட கோடுதான், வேற யாருக்கும் குடுக்க வேண்டியதே இல்ல.

இப்ப செட்டிங்ஸ்ல அக்கவுன்ட்குள்ள போய் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. 2017லயே வந்துருச்சு, பாதி பேர் தொட்டுக்கூட பார்க்கல. இன்னொரு 6 இலக்க பின் வைக்கணும், எஸ்எம்எஸ் கோடு தப்பித்தவறி போனாலும் இந்த பின் இல்லாம உடனே உள்ள வர முடியாது. ஈமெயிலும் குடுத்துருங்க, பின் மறந்தா அதுதான் கை குடுக்கும். நீங்க போடலன்னா திருடன் போட்டுருவான், அப்ப நீங்க எஸ்எம்எஸ் கோடு அடிச்ச உடனே அவன் வெளிய போயிருவான்தான், ஆனா அவன் வச்ச பின் தெரியாததால நீங்க உள்ள வர 7 நாள் காத்திருக்கணும்.

அப்புறம் லிங்க்டு டிவைசஸ் பாருங்க, நம்ம அக்கவுன்ட்ட வேற எந்த மிஷின்ல எல்லாம் இணைச்சிருக்குன்னு காட்டுற லிஸ்ட் அது. நம்ம போன் நல்லாவே வேலை செய்யும், லாக் அவுட்டே ஆகாது, ஆனா எவனோ கம்ப்யூட்டர்ல உக்காந்து எல்லாத்தையும் படிச்சிட்டு இருப்பான். ஓட்டு போடுங்க, போட்டோ பாருங்கன்னு ஒரு பக்கத்துக்கு கூட்டிட்டு போய், அங்க காட்டுற 8 எழுத்து கோடை வாட்ஸ்அப்ல அடிக்க சொல்வானுங்க, அடிச்சா அவன் மிஷின் நம்ம அக்கவுன்ட்ல ஒட்டிக்கும். லிஸ்ட்ல தெரியாதது எது இருந்தாலும் லாக் அவுட் குடுங்க.

சுருக்கெழுத்து:
எத்தன வீடியோ, எத்தன செய்தி வந்தும் கோடு அனுப்புறவங்களுக்கு என்னத்த சொல்ல. 2016லேர்ந்து எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கு, அதாவது அனுப்புறவரும் வாங்குறவரும் தவிர நடுவுல யாரும் படிக்க முடியாத பூட்டு, கதவை நாமளே தொறந்து விட்டா பூட்டு என்ன பண்ணும்.

வெட்டி ஆபீசர்:
சுருக்கெழுத்து, நான் சாஃப்ட்வேர்லதான் இருக்கேன், 11 வருஷமா. நானும் ஏமாந்தேன், இந்த ஐடில பேர் தெரியாதுங்கிற தைரியத்துல எழுதறேன்.

வாட்ஸ்அப்ல பார்ட் டைம் வேலைன்னு வந்துச்சு, லைக் போடணும் ரேட்டிங் குடுக்கணும் அவ்ளோதான். மொத நாள் நிஜமாவே சின்னதா காசு வந்துச்சு, ரெண்டாவது நாளும் வந்துச்சு. அப்புறம் டெலிகிராம் குரூப்ல சேத்தாங்க, நாப்பது பேர் இருப்பாங்க, எல்லாரும் "எனக்கு வந்துருச்சு"ன்னு ஸ்கிரீன்ஷாட் போடுவாங்க. அதுல குழந்தை போட்டோ வச்ச ஒரு ஆள் தினமும் எனக்கு குட் மார்னிங் சொல்வார், "நானும் மொதல்ல பயந்தேன் சகோ"ம்பார். கடைசில பாத்தா அந்த குரூப்ல ஏமாறுற ஆள் நான் ஒருத்தன்தான், மத்த எல்லாரும் அவனுங்களே.

முன்பணம் கட்டினா பெரிய டாஸ்க்ம்பாங்க, கட்டுவேன், திரையில பேலன்ஸ் ஏறும், எடுக்கப் போனா வரி கட்டணும்பாங்க. மூணாவது தடவை கட்டும்போதே எனக்கு தெரியும், சத்தியமா தெரியும், ஆனா போட்டது போயிருமேன்னு திரும்ப போட்டேன். வீட்ல சொன்னா தலைகுனிவுன்னு நினைச்சதுல ரெண்டு மாச சம்பளம் போச்சு. மொத தடவையே சொல்லியிருந்தா கொஞ்சத்தோட முடிஞ்சிருக்கும். இது போதாதுன்னு ஒரு மாசம் கழிச்சு "போன பணத்தை மீட்டுத் தர்றோம், ஃபீஸ் மட்டும் கட்டுங்க"ன்னு இன்னொருத்தன் வந்தான். என் நம்பர் அவனுக்கு எப்படி போச்சுன்னு நினைக்கிறீங்க?

அரைத்தூக்கம், நீங்க கத்தினதுக்கு அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டுருங்க. இல்லன்னா அடுத்த தடவை ரெண்டு நாள் இல்ல, ரெண்டு மாசம் மறைப்பாங்க.

பழைய நோக்கியா:
தம்பி, எனக்கு வயசு 66, அதனால அம்மா பக்கத்துலேர்ந்து சொல்றேன். என் பிள்ளைங்க நாளைக்கு பத்து எச்சரிக்கை ஃபார்வர்ட் அனுப்புவாங்க, ஒண்ணும் மனசுல நிக்கல. நாங்களா வச்சுக்கிட்டது ஒண்ணே ஒண்ணு: யாரு பணம் கேட்டாலும் கோடு கேட்டாலும் மெசேஜ்ல பதில் கிடையாது, ஏற்கெனவே போன்ல இருக்கிற நம்பருக்கு சாதா கால் போட்டு பேசணும். "புது நம்பர்ப்பா, பழசு உடைஞ்சு போச்சு"ன்னு வந்தா பழைய நம்பருக்குத்தான் அடிப்பேன். குரலையும் இப்ப செயற்கையா பண்ணிடறாங்களாமே, அதுக்கு வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை வச்சிருக்கோம், என் பேத்தி வச்ச பேரு, கேட்டா சிரிப்பீங்க.

ஒரு விஷயம் இங்க யாரும் சொல்லல. என்கிட்ட கூரியர்னு பேசினவன், ஸ்டார் போட்டு 21ன்னு ஆரம்பிக்கிற ஒரு நம்பரை டயல் பண்ண சொன்னான். அது கால் ஃபார்வர்டிங். டயல் பண்ணிட்டா நமக்கு வர்ற கால் எல்லாம் அவனுக்கு போகும், வாட்ஸ்அப் கோடை போன் கால்லயும் சொல்லும் இல்லையா, அதை அவன் கேட்டுக்குவான், நாம வாயே தெறக்க வேண்டாம். சந்தேகம் இருந்தா *#21# அடிச்சு பாருங்க, ##002# அடிச்சா பெரும்பாலான நெட்வொர்க்ல எல்லா ஃபார்வர்டிங்கும் எடுபட்டுரும்.

கடைசி பெஞ்ச்:
சார் சொன்னது சூப்பர் பாயின்ட். அதோட போட்டோ, பில்னு பேர் வச்சு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போன்ல ஆப் ஏத்துற ஃபைல்) வரும், தொட்டா இன்ஸ்டால் கேக்கும். போட்டோ எதுவும் இன்ஸ்டால் கேக்காது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி குடுத்துட்டா பேங்க் ஓடிபி நேரா அவன்கிட்ட.

சித்தப்பா பேங்க்ல சொல்லிட்டாரா? இதுல நேரம்தான் எல்லாம், பணம் அடுத்தடுத்த அக்கவுன்டுக்கு தாவுறதுக்குள்ள சொல்லணும். ஆத்திரத்துல சாட்டை அழிச்சிடாதீங்க, ஸ்கிரீன்ஷாட், நம்பர், பணம் போன அக்கவுன்ட் விவரம் எல்லாம் எடுத்து வச்சிட்டு அப்புறமா ரிப்போர்ட், பிளாக்.

அரைத்தூக்கம்:
எல்லாருக்கும் நன்றி. அந்த அக்காவுக்கு போன் பண்ணேன், அவங்க அக்கவுன்ட் போய் நாலு நாளாம், அவங்களும் யார்கிட்டயும் சொல்லல. அம்மாவும் அவங்களும் அரை மணி நேரம் பேசினாங்க, நடுவுல சிரிப்புச் சத்தம் கூட கேட்டுச்சு.

லிங்க்டு டிவைசஸ் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்ல. குரூப்ல யார் சேக்கலாம்ங்கிறதை மை கான்டாக்ட்ஸ்னு மாத்தியாச்சு. சித்தப்பா பேங்க்லயும் போலீஸ்லயும் கம்ப்ளைன்ட் குடுத்திருக்கார், இன்னும் பதில் இல்ல. பின் மட்டும் அம்மாவையே போட சொன்னேன். என்ன போட்டீங்கன்னு கேட்டா "உனக்கு எதுக்கு"ங்கறாங்க. விட்டுட்டேன்.