புதுப்பிப்பு: மைலேஜ் 2.2 என்று காட்டிய பைக்

பேட்டரி மாற்றியதிலிருந்து சராசரி மைலேஜ் 45-க்குப் பதிலாக 2.2 என்று காட்டுகிறது, காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜெக்டரையே (இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றவில்லை, நல்லவேளை.

பேட்டரி வயரைக் கழற்றியதில் மீட்டர் செட்டிங் அழிந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதை விட்டுவிட்டு 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று காட்ட ஆரம்பித்திருக்கிறது. 100-ஐ 2.2-ஆல் வகுத்தால் 45 சொச்சம், அவ்வளவுதான். தேவகோட்டை மெக்கானிக் அண்ணன் பார்த்ததுமே "தம்பி, வண்டி நல்லாத்தான் இருக்கு, யூனிட்தான் மாறிக் கிடக்கு" என்று மெனுவில் மாற்றிக் கொடுத்தார். காசும் வாங்கவில்லை.

அப்புறம், டேங்க்கை முழுசா நிரப்பி ஓட்டி, மறுபடி அதே பம்ப்பில் நிரப்பிக் கணக்குப் போட்டால் 43 வருகிறது, மீட்டரோ 46 என்கிறது. இதற்காக யாரையும் திட்ட வேண்டாம். மீட்டர் பெட்ரோலை அளப்பதில்லை, இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்பதையும் சக்கர சென்சார் சொல்லும் தூரத்தையும் வைத்துப் போடும் கணக்கு அது. டயர் தேய்ந்து சுற்றளவு குறைந்தால் தூரம் கொஞ்சம் கூடுதலாகப் பதிவாகி இரண்டு கணக்குமே கூடுதலாக வரலாம், என் பின் டயர் மொட்டை. பம்ப்பில் நிரப்பும் அளவும் ஒவ்வொரு தடவையும் முன்னே பின்னேதான் இருக்கும்.

குன்றக்குடிப் பக்கம் போகும்போது நிலையான வேகத்தில் உடனடி மைலேஜ் சீராக நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் விழுகிறது, விட்டால் ஏறுகிறது. சென்சார் பழுது என்றால் இப்படி ஒழுங்காக ஆடாது. டயர் மாற்றிவிட்டு மறுபடி டேங்க் கணக்கு போடுகிறேன்.