தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு, அடுத்து புதுச்சேரியில் சிபிஎஸ்இ பதினொன்று: கணிதம், அறிவியலுக்கு எந்தப் புத்தகம்?

கெடிலக்கரை:

வணக்கம். மகள் கடலூரில் மாநிலப் பாடத்திட்டத்தில், தமிழ்வழியில் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். பதினொன்றுக்குப் பாகூர் பக்கம் அரசுப் பள்ளி. அங்கே இப்போது சிபிஎஸ்இ, ஆங்கிலவழி. கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கும் எடுக்கிறாள். நீட் எழுதவும் ஆசை.

கடையில் கேட்டால் பாடத்துக்கு இரண்டு கைடு, ஒரு வினா வங்கி என்று அடுக்கிவிடுகிறார்கள். எல்லாம் வாங்க வசதியும் இல்லை, படிக்க நேரமும் இருக்காது. சிபிஎஸ்இக்கான என்சிஇஆர்டி பாடநூல் மட்டும் போதுமா? மாநிலத் தமிழ்வழிப் பாடநூலை இனிமேல் மூட்டை கட்டி வைத்துவிடலாமா? பழைய புத்தகம் வாங்கினால் சரிப்படுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சிக்மா_புதுவை:

அம்மா, தமிழ்வழிப் பாடநூலை மூட்டை கட்ட வேண்டாம். இந்த இரண்டு வருடமும் உங்கள் மகளுக்குப் பெரிய துணை அதுதான். கணிதத்தை நான் சொல்கிறேன், மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும்.

முதலில் ஒரு ஆறுதல். மாநிலப் பாடத்திட்டத்தில் பத்து முடித்த பிள்ளை கணக்கில் பின்தங்கி இல்லை. கணங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. உறவுகளும் சார்புகளும், பெருக்குத்தொடர், நேர்க்கோட்டின் சமன்பாடு, திட்ட விலக்கம், நிகழ்தகவின் கூட்டல் தேற்றம் எல்லாம் பத்தில் படித்தாகிவிட்டது. என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்புக் கணிதத்தில் 14 அத்தியாயங்கள். அதில் 1, 2, 8, 9, 13, 14 ஆகிய ஆறும் அவளுக்குப் பாதி தெரிந்தவை. அங்கே இருக்கும் சிக்கல் கணக்கு இல்லை, ஆங்கிலம்தான். ஆகவே அந்த ஆறு அத்தியாயங்களையும் ஆங்கிலம் பழகும் இடமாக வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறப்பதற்குள் முதல் இரண்டின் எடுத்துக்காட்டுகளைப் படித்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

புதிதாக வருபவைக்குத் தமிழ்ப் பாடநூலில் எங்கே தேடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். வகுப்பும் வரிசையும் மாறி மாறி வரும். முக்கோணவியல் (ரேடியன் அளவோடு) மாநிலப் பாடநூலில் பதினொன்று முதல் தொகுதி, 3ஆம் அத்தியாயம். வரிசைமாற்றமும் சேர்மானமும் 4இல், ஈருறுப்புத் தேற்றம் 5இல். எல்லை பதினொன்று இரண்டாம் தொகுதி 9இல், வகையிடல் 10இல். கலப்பெண்களையும் கூம்பு வளைவுகளையும் பதினொன்றில் தேடினால் கிடைக்காது. இரண்டும் பன்னிரண்டாம் வகுப்பு முதல் தொகுதியில், 2ஆம் 5ஆம் அத்தியாயங்களில் இருக்கின்றன. சிபிஎஸ்இ பிள்ளைகள் இவற்றைப் பதினொன்றிலேயே படிக்கிறார்கள். அணிகளோ நேர்மாறாக மாநிலத்தில் பதினொன்று, சிபிஎஸ்இயில் பன்னிரண்டு. மாநிலப் பாடநூல்கள் எல்லாம் இணையத்தில் இலவசம். எனவே அவற்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

பயிற்சிக்கு என்சிஇஆர்டி போதுமா என்றால், பள்ளித் தேர்வுக்குப் போதும். ஆனால் முழுவதும் போட வேண்டும். ஒவ்வொரு அத்தியாய முடிவிலும் 'மிசலேனியஸ்' என்று ஒரு பயிற்சி வரும். பலரும் அதைத் தொடாமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு கருத்துகளைச் சேர்த்துக் கேட்கும் கணக்குகள் அங்கேதான் இருக்கின்றன. அதற்கும் மேல் வேண்டுமென்றால் என்சிஇஆர்டியே வெளியிடும் 'எக்ஸெம்ப்ளர்' தொகுப்பு. அதுவும் இணையத்தில் இலவசம். இவை இரண்டும் முடியும்வரை மூன்றாவது புத்தகம் வேண்டாம்.

கைடு வாங்கியே ஆக வேண்டும் என்றால் கடையில் நின்றே ஒரு சோதனை செய்யுங்கள். √4 என்பதன் மதிப்பு 2 மட்டும். ±2 என்று எங்காவது போட்டிருந்தால் அந்தப் புத்தகத்தை வைத்துவிடுங்கள். (x² = 4 என்ற சமன்பாட்டுக்குத்தான் இரண்டு விடை.) அதேபோல √(x²) என்பது |x|. வெறும் x என்று எழுதியிருந்தால், x குறை எண்ணாக வரும் கணக்கில் எல்லாம் அந்தக் கைடு தப்பு விடை தரும். பன்னிரண்டுக்கான புத்தகமானால் 1/x-இன் தொகையீட்டைப் பாருங்கள்: log|x| + c என்று இருக்க வேண்டும். மட்டுக்குறியும் c-யும் இல்லாத புத்தகத்தைப் பார்த்துப் பழகும் பிள்ளைக்கு விடைத்தாளில் மதிப்பெண் போகும், ஏன் போனது என்றும் தெரியாது.

முடுக்கம்:

இயற்பியலில் மாணவர்கள் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தை மாற்றினால் அது சரியாகாது. என்சிஇஆர்டி இயற்பியலில் 2ஆம் அத்தியாயமே நேர்க்கோட்டு இயக்கம். கணநேரத் திசைவேகத்தை அங்கே வகையிடலால்தான் வரையறுக்கிறார்கள். கணிதத்தில் வகையிடல் வருவதோ 12ஆம் அத்தியாயத்தில், கல்வியாண்டின் பின்பாதியில். நடுவில் உள்ள மாதங்களில் பிள்ளை புரியாமலே சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறது.

அதற்கு மருந்து மாநிலப் பாடநூலிலேயே இருக்கிறது. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் முதல் தொகுதி, இயக்கவியல் பாடத்தில் வகை நுண்கணிதத்துக்கும் தொகை நுண்கணிதத்துக்கும் தமிழில் அறிமுகம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு வாரம், நாளுக்கு அரை மணி போதும். xⁿ, sin x, cos x, eˣ இந்த நான்கின் வகைக்கெழு, வரைபடத்தின் சாய்வு, வரைபடத்தின் கீழுள்ள பரப்பு. ஆரம்பத்துக்கு இதற்கு மேல் வேண்டாம்.

புரிந்ததா என்று பார்க்க இரண்டு கணக்கு. x = 3t² − 2t + 5 என்றால் t = 2இல் திசைவேகம் என்ன? v = 6t − 2, ஆக 10 மீ/வி. முடுக்கம் 6 மீ/வி², மாறாதது. அடுத்தது: ஓய்விலிருந்து கிளம்பும் பொருளின் முடுக்கம் a = 2t. மூன்றாவது வினாடி முடிவில் திசைவேகம்? தொகையிட்டால் v = t², அதாவது 9 மீ/வி. t = 3இல் a = 6 என்று எடுத்து v = u + at-இல் போட்டால் 18 வரும், தவறு. அந்தச் சூத்திரம் முடுக்கம் மாறாதபோது மட்டும்தான். இந்த ஒரு நிபந்தனையைச் சூத்திரத்தின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். நல்ல இயற்பியல் புத்தகத்துக்கும் சூத்திரப் பட்டியலுக்கும் உள்ள வித்தியாசமே அதுதான்.

கடையில் பார்க்க இன்னொரு கேள்வி: மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது முடுக்கம் எவ்வளவு? திசைவேகம் சுழி, முடுக்கமோ அப்போதும் கீழ்நோக்கி 9.8 மீ/வி². உச்சியில் இரண்டும் சுழி என்று எழுதிய கைடைத் தொடவே வேண்டாம்.

ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கலைச்சொற்கள் அவ்வளவு பயமுறுத்தாது. திசைவேகம் வெலாசிட்டி, உந்தம் மொமெண்டம், திருப்பு விசை டார்க், நிலைமத் திருப்புத்திறன் மொமெண்ட் ஆஃப் இனெர்ஷியா. ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஒரு மாதத்தில் பழகிவிடும். மோசம் செய்வது சாதாரணச் சொற்கள்தான். கணக்கில் 'ஸ்மூத்' என்றால் வழவழப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, உராய்வு இல்லை என்று பொருள். 'லைட் ஸ்ட்ரிங்' என்றால் கயிற்றின் நிறையைக் கணக்கில் சேர்க்காதே என்று பொருள். 'ஃப்ரம் ரெஸ்ட்' என்றால் u = 0. 'யூனிஃபார்ம்' என்றால் மாறாதது. 'ரெஸ்பெக்டிவ்லி' வந்தால் முன்னால் சொன்ன வரிசையிலேயே பொருத்த வேண்டும். தரவில் பாதி இந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருக்கும். நோட்டில் இவற்றுக்குத் தனிப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

எச்.சி. வர்மாவின் இரண்டு தொகுதிகளை எல்லோரும் சொல்வார்கள். நல்ல புத்தகம், ஆனால் ஜூன் மாதத்தில் அல்ல. என்சிஇஆர்டி அத்தியாயத்தை முடித்து, பயிற்சிக் கணக்குகளில் முக்கால்வாசியைத் தானே போட முடிந்த பிறகு, அதே தலைப்பை அங்கே எடுக்கலாம். முதல் தொகுதியின் 2ஆம் அத்தியாயம் முழுக்க இயற்பியலுக்கு வேண்டிய கணிதம், அதை மட்டும் முன்கூட்டியே படிக்கலாம். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்திலோ கடலூர் மாவட்ட மைய நூலகத்திலோ முதலில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம்.

மோல்_கணக்கு:

வேதியியலில்தான் பழைய பதிப்பா புதிய பதிப்பா என்ற கேள்வி முக்கியம். பாடக் குறைப்புக்குப் பிறகு என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்பு வேதியியல் 14 அலகிலிருந்து 9 ஆகவும், பன்னிரண்டு 16இலிருந்து 10 ஆகவும் சுருங்கிவிட்டது. பழைய பிரதி வாங்கினால் பாடம் கெட்டுவிடாது. அலகு எண் மாறும், பள்ளியில் நடத்தாத அலகுகளும் இருக்கும். இணையத்தில் உள்ள இந்த ஆண்டின் பொருளடக்கத்தைப் பார்த்து, இல்லாத அலகுகளின் மேல் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டால் போதும். கணிதத்தின் பழைய பதினொன்றில் 16 அத்தியாயங்கள், கணிதத் தொகுத்தறிதலும் கணிதத் தருக்கமும் கூடுதலாக இருக்கும். அதற்கும் இதே வழி.

நீட் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது p-தொகுதித் தனிமங்கள். புதிய என்சிஇஆர்டியிலிருந்து அந்த அலகை எடுத்துவிட்டார்கள். ஆனால் 2024 முதலான நீட் பாடத்திட்டத்தில் 13 முதல் 18 வரை எல்லாத் தொகுதிகளும் இருக்கின்றன. புதிய புத்தகத்தை மட்டும் நம்பினால் அந்தக் கேள்விகள் கைவிட்டுப் போகும். இதற்காகத் தனிப் புத்தகம் வாங்க வேண்டாம். மாநிலப் பாடநூல் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் முதல் தொகுதியில் 2ஆம், 3ஆம் அலகுகள் p-தொகுதிதான். உங்கள் மகள் தமிழிலேயே படித்துக்கொள்ளலாம். ஹைட்ரஜன், s-தொகுதி, திண்ம நிலை, பலபடிகள் ஆகியவை நீட் பாடத்திட்டத்திலிருந்தும் போய்விட்டன. பழைய கைடில் இருக்கிறதே என்று அவற்றில் நேரம் செலவிட வேண்டாம்.

இரண்டு புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கும்போது இரண்டு இடத்தில் குழப்பம் வரும். வாயுவின் மோலார் கன அளவு 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா? இரண்டும் சரி. 273.15 கெல்வினில் அழுத்தம் 1 அட்மாஸ்பியர் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. என்சிஇஆர்டி 1 பார் வழக்கத்தைப் பின்பற்றுகிறது, பழைய கைடுகள் 22.4 என்றே போடும். கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துவிட்டுத்தான் எண்ணை எடுக்க வேண்டும்.

இன்னொன்று வெப்ப இயக்கவியலின் முதல் விதி. இயற்பியல் புத்தகம் ΔQ = ΔU + ΔW என்று எழுதும், அங்கே W என்பது வாயு செய்த வேலை. வேதியியல் புத்தகம் ΔU = q + w என்று எழுதும், அங்கே w என்பது வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. வாயு 200 ஜூல் வெப்பம் வாங்கி விரிந்து 50 ஜூல் வேலை செய்தால் முதல் வழியில் 200 = ΔU + 50. இரண்டாவது வழியில் ΔU = 200 + (−50). எப்படிப் போட்டாலும் 150. குறியை மாற்றிப் போட்டால் 250 வரும், கொள்குறி வினாவில் அந்த 250-ம் ஒரு விடையாகக் காத்திருக்கும்.

உயிரியலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என்சிஇஆர்டியை வரி விடாமல், படத்தின் கீழுள்ள எழுத்து உட்படப் படிக்க வேண்டும். புரியாத இடத்துக்கு மட்டும் தமிழில் உயிரி-தாவரவியல், உயிரி-விலங்கியல்.

கெடிலக்கரை:

மூவருக்கும் மிக்க நன்றி ஐயா. அப்படியென்றால் நான்கு பாடத்துக்கும் என்சிஇஆர்டி மட்டும் வாங்கிவிட்டு, மாநிலப் பாடநூலையும் எக்ஸெம்ப்ளரையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாமா? ஜெராக்ஸ் கடையில் ஒரு தாளில் இரண்டு பக்கம் போட்டால் செலவு பாதி என்கிறார்கள்.

சிக்மா_புதுவை:

முதலில் பள்ளியில் புத்தகம் கொடுக்கிறார்களா என்று கேளுங்கள் அம்மா, கொடுத்தால் அதையும் வாங்க வேண்டாம். வாங்கினால் பக்கத்தில் என்சிஇஆர்டி நீரோட்டக் குறி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கள்ளப் பதிப்பில் அடுக்குக்குறியும் கழித்தல் குறியும் மங்கிப்போயிருக்கும், அது கணக்கையே மாற்றிவிடும்.

பிரிண்ட்டிலும் அதே ஆபத்து. ஒரு பக்கத்தில் இரண்டைச் சுருக்கிப் போட்டால் x² எது, x³ எது என்று கண்ணுக்குத் தெரியாது. வேதியியலில் அயனியின் மின்சுமைக் குறிகளும் காணாமல் போகும். தாளின் இரு புறமும், புறத்துக்கு ஒரு பக்கமாக எடுங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம், மேலே சொன்ன அத்தியாயங்கள் மட்டும். எக்ஸெம்ப்ளரில் விடைகள் கேள்விகளோடு சேர்ந்து இருக்காது, தனியாக இருக்கும். அதையும் மறக்காமல் எடுத்து, வேறு கோப்பில் வையுங்கள்.

முடுக்கம்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். ஜூலை வாக்கில் நெய்வேலி புத்தகக் கண்காட்சி நடக்கும். கடலூரிலிருந்து பக்கம்தான். அதுவரை என்சிஇஆர்டியை மட்டும் வைத்து ஓட்டுங்கள். அதற்குள் மகள் எந்தெந்தக் கணக்கில் சிக்கினாள் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அந்தத் தாளோடு போய், கடைக் கடையாக அந்தத் தலைப்பின் பக்கத்தை மட்டும் திறந்து படிக்கச் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்தின் விளக்கம் அவளுக்குப் புரிகிறதோ அதை வாங்குங்கள்.