ஆஸ்பத்திரி விடுதி (வார்ட்) வைத்தியத்தின்ர தரத்தை அளக்கேக்க எங்க பிழைக்குது? (அனுபவப் பகிர்வு)

குளக்கட்டு:
இறப்பு வீதத்தை மட்டும் வைச்சு ஒரு மருத்துவ விடுதியை எடைபோடாதேங்கோ. வன்னியில கடும் வருத்தக்காரரை ஏ9 ரோட்டால யாழ்ப்பாணம் போதனா ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டி வரும். அங்க மூண்டாம் நாள் செத்தால் அது அங்கத்தைக் கணக்கு. அனுப்பின விடுதியின்ர ஏட்டில அவர் உயிரோட போனவர். அனுப்பின ஒவ்வொருவரையும் தனிக் கொப்பியில பதிஞ்சு, 30ஆம் நாள் வீட்டுக்குப் போன் எடுத்துக் கேக்கவேணும். மற்றது எண்ணிக்கை. மாரடைப்புக்காரர் 20 பேரில 2 பேர் இறந்தால் 10 வீதம். 95 வீத நம்பிக்கை இடைவெளி (உண்மையான வீதம் இருக்கக்கூடிய எல்லை) போட்டால் 1 இலிருந்து 32 வீதம் வரை நீளும். இதை வைச்சு ஆரையும் குறை சொல்லேலாது. வைத்தியத் தரத்தைக் கட்டமைப்பு (என்ன இருக்கு), செய்முறை (என்ன செய்தது), விளைவு (என்ன நடந்தது) எண்டு 1966 இல் டொனபீடியன் எண்ட வைத்தியர் பிரிச்சதில, சின்ன ஆஸ்பத்திரிக்குக் கைகுடுக்கிறது நடுவில நிக்கிற செய்முறைதான்.

ஏ9:
சரி அண்ணை, ஆனால் செய்முறையிலயும் மணிக்கூடு ஏமாத்தும். நெஞ்சுநோவோட வந்தவருக்கு ஈ.சி.ஜி. 10 நிமிடத்துக்குள்ள, இரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து 30 நிமிடத்துக்குள்ள. எப்ப இருந்து எண்ணுறது? விடுதிக்கு வந்த நேரத்தை எடுத்தால், வெளிநோயாளர் பிரிவில வாங்கில இருந்த நேரம் முழுக்கக் காணாமல்போகும். வாசல் துண்டில உள்ள நேரத்தை எடுங்கோ. ஈ.சி.ஜி. தாளில விழுறது மெசினின்ர நேரம். காலமையில ஒருக்கால் போனோட ஒப்பிடுங்கோ. பி.எச்.ரீ.யில (வருத்தக்காரரின்ர விடுதிக் குறிப்புக் கோப்பு) எல்லாமே 10.00, 10.30 எண்டு வட்டமாய் நிண்டால் பிறகு இருந்து எழுதினது. தாதியின்ர மருந்து அட்டையோட சேத்துப் பாருங்கோ.

சராசரியும் வேண்டாம். ஐஞ்சு பேருக்கு 18, 22, 25, 27, 190 நிமிடம் எண்டு வையுங்கோ. சராசரி 56, ஒருத்தருக்கும் பொருந்தாது. இடைநிலை 25. அந்த 190 ஐத் தனியாய்த் திறக்கவேணும்: மருந்து அலுமாரிச் சாவி இல்லையோ, ஈ.சி.ஜி. வாசிக்க ஆளில்லையோ?

பாலைமரம்:
பாம்புக்கடி இன்னும் நல்ல உரைகல். "விஷமுறிவு மருந்து குடுத்ததா" எண்டு மட்டும் கேட்டால் பிழையான வைத்தியத்துக்கும் புள்ளி விழும். புடையன் (கண்ணாடி விரியன்) கடிக்கு 20 நிமிட இரத்த உறைவுச் சோதனை: 2 மில்லிலீற்றர் புது இரத்தம், காய்ஞ்ச சுத்தமான கண்ணாடிக் குழாய், 20 நிமிடம் ஆட்டாமல் அசைக்காமல் வைச்சு ஒரேயொரு தரம் சரிச்சுப் பாக்கிறது; உறையாட்டில் விஷம் இரத்தத்தில வேலைசெய்யுது எண்டு அர்த்தம். சவர்க்காரம் போட்டுக் கழுவின குழாயெண்டால் நல்ல மனுசன்ர இரத்தமும் உறையாது. பிளாஸ்ரிக்கிலயும் அதே கதை. சந்தேகமெண்டால் கடிபடாத ஒருவரின்ர இரத்தத்தை அதே வகைக் குழாய்களில இன்னொண்டில விட்டுப் பாருங்கோ. கணக்கெடுக்கேக்க தேடவேண்டியது மூண்டு: இரத்தம் எடுத்த நேரம், வாசிச்ச நேரம், மருந்து குடுத்து 6 மணித்தியாலத்துக்குப் பிறகு திருப்பிச் செய்ததோ எண்டது. கடைசியானதுதான் ஏட்டில அடிக்கடி வெறுமையாய் இருக்கும்.

குளக்கட்டு:
பாம்புக்கடிக் கணக்கில காலபோக (பெரும்போக நெல்) அறுவடை மாதத்தை விடாமல் எடுங்கோ. நெரிசல் நாளிலதான் வாசிச்ச நேரம் எழுதுப்படாது.

பதிவேடு:
பி.எச்.ரீ.யை இறாக்கையில கைக்கு எட்டினபடி உருவினால் கணக்குக் கோணும். மரண விசாரணைக்குப் போன கோப்புகள் அங்க இராது, மிஞ்சினது தப்பினவையின்ரதுதான். அனுமதிப் பதிவேட்டைத் திறந்து தொடர் இலக்கப்படி 30 எடுங்கோ. காணாமல்போனதைக் "காணவில்லை" எண்டே எழுதுங்கோ, அடுத்ததால நிரப்பாதேங்கோ. ரெண்டு பேர் தனித்தனியாய் வாசிக்கவேணும். ஆறேழு இடத்தில முரண்பட்டால் வாசிச்சவையில பிழையில்லை, கேள்வி தளர்வு. "உரிய நேரத்தில்" எண்டதை வெட்டிப்போட்டு நிமிடத்தை எழுதுங்கோ.

டொக்டரின்ர பேரைப் போட்டுப் பட்டியல் அடிக்கிறதும் சரிவராது. இரவு பாத்தவர் ஒருவர், காலமை ரவுண்ட் வந்தவர் இன்னொருவர், துண்டு எழுதினவர் மூண்டாமவர்.

வீட்டை போகேக்க கேக்கிற கேள்வியையும் சேருங்கோ: என்ன வருத்தம், எந்தக் குளிசை எத்தினை நேரம், திரும்ப எப்ப கிளினிக்? வீட்டை போகேக்க குடுக்கிற டயக்னோசிஸ் கார்ட் (வருத்த விபர அட்டை) இங்கிலீசில இருக்கும். டொக்டருக்குச் சிங்களம், ஆச்சிக்குத் தமிழ் எண்டால் இந்த மூண்டிலயும் மறுமொழி வராது. விடுதித் தாதி கேட்டால் "எல்லாம் நல்லம் பிள்ளை" எண்டுதான் சொல்லுவினம். வெளியாள் ஒருவர் வாசலடியில, குளிசைப் பையைக் கையில வாங்கி வைச்சுக்கொண்டு கேக்கவேணும்.