சேற்று பாக்டீரியாவை நம்பிப் பாதரசத்தை விடலாமா?

வண்டல்:
பாதரசக் கழிவு கலந்த சேற்றை அள்ளி வேறெங்கோ புதைப்பதைவிட, அங்கேயே வாழும் பாக்டீரியாவைப் பெருக விடுவது மேல் என்பது என் கட்சி. பாதரச அயனி கந்தகத்தைக் கண்டால் விடாது. புரதத்திலுள்ள, கந்தகம் கொண்ட அமினோ அமிலமான சிஸ்டீனைப் பற்றிக்கொள்ளும், நொதி முடங்கும், செல் சாகும். காட்மியம் மாதிரியான உலோகங்களை பாக்டீரியா பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். பாதரசத்தை மட்டும் உள்ளே அழைக்கிறது! செல்லைச் சுற்றியுள்ள இரண்டு சவ்வுக்கும் நடுவே மெர்பி (MerP) என்ற புரதம் இரண்டு சிஸ்டீனோடு காத்திருந்து அயனியை வாங்குகிறது. மெர்டி என்ற இன்னொரு புரதம் அதை உள்ளே கடத்துகிறது. அங்கே மெர்ஏ நொதி இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்க, அயனி வெறும் பாதரசமாகி ஆவியாய்ப் போய்விடுகிறது. இத்தனைக்கும் சுவிட்ச் மெர்ஆர் என்ற புரதம். பாதரசம் அதில் வந்து ஒட்டினால்தான் மற்ற மெர் மரபணுக்கள் வேலையைத் தொடங்கும். சும்மா இருக்கும்போது வீண் செலவே கிடையாது.

கரைமணல்:
எல்லாம் சரிங்க, அந்த ஆவி எங்கே போகுது? அதுக்கு பதில் சொல்லாம "போய்விடுகிறது"ன்னு முடிச்சிட்டீங்க. காத்துல மாசக்கணக்கா சுத்தி, ஆக்சிஜனேற்றமாகி, மழையோட இன்னொரு ஏரியில இறங்குது. அந்த ஏரியோட அடிச்சேத்துல ஆக்சிஜன் இருக்காது. அங்கே வேற பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக்கும், அதாவது கார்பன் சேர்ந்த கொடிய நஞ்சாக்கும். அதுக்கான எச்ஜிசிஏ, எச்ஜிசிபி மரபணுக்களை 2013-லயே கண்டுபிடிச்சாச்சு. அப்புறம் மீன், அப்புறம் மனுஷன். ஜப்பானோட மினமாட்டாவில 1956-ல தெரியவந்த நோய் மெத்தில் பாதரசத்தாலதான். உங்க சேறு சுத்தமாகும், அடுத்தவன் தண்ணி கெடும்.

வண்டல்:
மெத்தில் பாதரசத்துக்கும் வழி இருக்கிறது. சில பாக்டீரியாவிடம் மெர்-பி (MerB) என்ற நொதியும் உண்டு (மேலே சொன்ன மெர்பி வேறு, அது அயனியை வாங்கும் புரதம்). அது கார்பனுக்கும் பாதரசத்துக்கும் இடையிலான பிணைப்பையே வெட்டிவிடும். மினமாட்டா விரிகுடாவின் வண்டலிலிருந்தே அப்படிப்பட்ட பேசில்லஸ் வகை பாக்டீரியா பிரித்தெடுக்கப்பட்டது.

கரைமணல்:
வெட்டின பிறகும் மிஞ்சுறது பாதரசம்தானே. தனிமத்தை எந்த நொதியாலயும் அழிக்க முடியாது.

மூன்றாம்குடுவை:
பாதரசம் ஆவியாவதைக் கண்ணுக்குக் காட்டும் சோதனையை நான் செய்தவன். சிறுகுழித் தட்டில் பாதரச குளோரைடு கலந்த வளர்ப்பூடகத்தை ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் ஒரு பாக்டீரியா வகையை விட்டு, இருட்டறையில் மேலே எக்ஸ்ரே பிலிமை வைத்து மூடுவோம். கழுவி எடுத்தால் தாக்குப்பிடித்த குழிக்கு நேர் மேலே கறுப்பு வட்டம். வெளியேறும் பாதரச ஆவி பிலிமின் வெள்ளியைக் கறுப்பாக்கிவிடும். முதல் தடவை அந்த வட்டத்தைப் பார்த்தபோது பாக்டீரியாவின் திறமையைவிட, நாம் சுவாசிக்கும் அறையைப் பற்றித்தான் எனக்குக் கவலை வந்தது. திறந்த வெளியில் வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான். மூடிய கலனில் செய்யலாம். ஜெர்மனியில் குளோரின்-காஸ்டிக் ஆலைக் கழிவுநீரை இப்படிப்பட்ட கலனில் விட்டார்கள். பாதரசம் துளித்துளியாகப் படுகையிலேயே தங்கிவிட்டது. திரும்ப எடுக்கலாம்.

கரைமணல்:
கலன்னா எனக்கு மறுப்பே இல்லை. நான் எதிர்க்கிறது மண்ணுல விடுறதை.

நுண்ணறை:
இன்னொன்றை யாருமே தொடவில்லை. மெர் மரபணுக்கள் பல சமயம் இடம்விட்டு இடம் தாவும் டிஎன்ஏ துண்டுகளில் ஏறிப் பயணம் செய்கின்றன. டிஎன்21 என்ற துண்டில் பாதரச எதிர்ப்போடு ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா மருந்து எதிர்ப்பும் சேர்ந்தே இருக்கிறது. 1993-ல் வந்த ஓர் ஆய்வில் குரங்குகளின் பற்களை அமால்கம் என்ற பாதரசக் கலவையால் அடைத்தார்கள். வாயிலும் குடலிலும் பாதரசத்தைத் தாங்கும் பாக்டீரியா கூடியது, அவற்றில் பல ஆன்டிபயாடிக்குக்கும் மசியவில்லை. சேற்றில் பெருக்கிவிட்டால் எதைப் பெருக்குகிறோம் என்று யோசிக்க வேண்டாமா?

வண்டல்:
இதை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கைவிடவில்லை. மெர்ஏ அயனியைக் குறைத்தால் மெத்திலாக மாற மூலப்பொருளும் அந்தச் சேற்றில் குறையுமே? தாவும் துண்டு இல்லாத, குரோமோசோமிலேயே மெர் உள்ள வகையைத் தேர்ந்தெடுக்கலாமே?

மூன்றாம்குடுவை:
தேர்ந்தெடுக்கலாம். ஆனால் மெர்ஏ ஆக்சிஜன் உள்ள மேல்தட்டில் நன்றாக ஓடும், மெத்திலாக்கம் நடப்பதோ அதற்குக் கீழே. அந்த இரண்டு அடுக்குக்கும் நடுவே என்ன போய் வருகிறது என்று சேற்றைச் சென்டிமீட்டர் சென்டிமீட்டராக வெட்டி அளந்த பிறகு பேசலாம்.