கொடைக்கானல் மேல்மலையில் குடியேற என்னென்ன பார்க்கணும்?

கேள்வி: மன்னவனூர் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்துக் குடும்பத்தோட தங்கலாம்னு இருக்கோம். விவசாயம், அன்றாட வாழ்க்கை எப்படி அண்ணே?

பதில் 1: பூண்டுதான் சோறு போடும் தம்பி. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கின மலைப்பூண்டு. பல்லோட கூர்முனை மேலே இருக்க, 15-க்கு 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றுங்க. தண்ணி தேங்கினா அழுகிடும். விதைப்பூண்டைத் தாளோட முடிஞ்சு, அடுப்புப் புகை படுற இடத்தில் தொங்கவிடணும். ஈரத்தோட மூட்டை கட்டினா பூஞ்சணம்தான்.

பதில் 2: டிசம்பர், ஜனவரி உறைபனியில் உருளைச் செடி கருகும். வானம் தெளிஞ்சு காத்து அடங்கின நாளில் சாயங்காலமே பாத்தியை நனைச்சிடுங்க. ஈரமண் சூட்டைப் பிடிச்சு வைக்கும்.

பதில் 3: காட்டுமாடு வேலியை மதிக்காது, பாத்துக்கோங்க! பெரிய ஆஸ்பத்திரின்னா கொடைக்கானல், 30 கி.மீ.க்கு மேல. பூண்டு விற்க வடுகபட்டிச் சந்தைக்கு இறங்கணும். லாரி வாடகையையும் கணக்கில் சேருங்க.