புதுப்பிப்பு: டார்க்டேபிளில் மங்கிய ரா படங்கள் சரியாகிவிட்டன

போன வாரம் கேட்டிருந்தேன்: கார்த்திகை தீபத்தன்று எடுத்த ரா படங்கள் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்புகள்) டார்க்டேபிள் என்ற படத் திருத்த மென்பொருளின் பட்டியலில் பளிச்சென்று தெரிகின்றன, திருத்தத் திறந்ததும் மங்கிப்போகின்றன, ஏன் என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பட்டியலில் தெரிந்தது, ரா கோப்புக்குள் கேமரா தானே மெருகேற்றி வைத்திருக்கும் ஜேபெக் படம். திருத்தும்போது தெரிவது சென்சார் பதிந்த மூலத் தரவு. அதற்கு வெளிச்சமும் நிறமும் நாம்தான் கொடுக்க வேண்டும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, முகங்கள் சரியாகத் தெரியும்வரை ஏற்றினேன், ஒன்றரை ஸ்டாப் தேவைப்பட்டது (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). அப்புறம் வெளிச்ச வீச்சைத் திரைக்கு ஏற்றபடி அடக்கும் ஃபில்மிக் ஆர்ஜிபி கருவியில் வெள்ளை அளவை ஏற்றியதும் சுடரைச் சுற்றிய பொன்னிறம் திரும்பிவிட்டது. அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது! சுடரின் நடுப்பகுதி மட்டும் வெள்ளையாகவே நிற்கிறது. சென்சார் நிரம்பி வழிந்த இடத்தில் மீட்க விவரம் எதுவும் இருக்காது.

படங்களின் நிறமும் கோணலாகியிருந்தது, அதற்குக் காரணம் வேறு. ஒளியின் நிறச் சாயலைச் சரிசெய்யும் வெள்ளைச் சமநிலை, கலர் காலிப்ரேஷன் என்ற இரண்டு கருவிகளையும் மாற்றியிருந்தேன், திருத்தம் இருமுறை ஏறிவிட்டது. முதலாவதை கேமரா ரெஃபரன்ஸ் என்ற அமைப்பிலேயே விட்டு, இரண்டாவதில் மட்டும் சரிசெய்யுங்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: படத்தின் பக்கத்தில் உருவாகும் எக்ஸ்எம்பி கோப்பை அழித்துவிடாதீர்கள். ரா கோப்பு மாறுவதே இல்லை. செய்த திருத்தங்கள் டார்க்டேபிளின் தரவுத்தளத்தோடு அந்தச் சிறு கோப்பிலும் எழுதப்படுகின்றன. நகலெடுக்கும்போது இரண்டையும் சேர்த்தே எடுங்கள்.

இருட்டுப் பகுதியில் தெரியும் மணல் போன்ற புள்ளிகளை இன்னும் தொடவில்லை, இந்த ஞாயிறு உட்காருகிறேன்.