தடித்த சாய்வெழுத்தில் தமிழ்: நீங்கள் கண்டவை

வரிவடிவன்:
எங்கள் ஊர்க் கபடி அணியின் ஜெர்சியில், ஃபார்முலா 1 பந்தயத்தின் 2017 லோகோவைப் போல வேகம் தெரிய வேண்டும் என்று 'மண்ணின் மைந்தர்' என்ற பெயரை மிகத் தடித்த, முனைகள் வெட்டிய சாய்வெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆட்டக்களத்தின் மறுபுறம் அமர்ந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் அதை 'மன்னின் மைந்தர்' என்று உரக்க வாசித்தார். மூன்று சுழி ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, அது தூரத்திலிருந்து இரண்டு சுழி னகரமாகவே தெரிந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

நிலாமுற்றம்:
எங்கள் தெரு உடற்பயிற்சிக் கூடத்தின் பலகையில் 'ஞாயிறு' இதே கதிக்கு ஆளானது. காரணம் நேரெழுத்தைக் கணினி அப்படியே சாய்த்துத் தள்ளும் இயந்திரச் சாய்வுதான். எழுத்துருவுக்கெனச் சாய்வு வடிவம் இல்லாதபோது இணைய உலாவிகள் தாமே உண்டாக்கும் இந்தப் போலிச் சாய்வுக்கு வழக்கமாக 14 பாகை எடுத்துக்கொள்கின்றன. அப்படித் தள்ளும்போது சுழியின் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் பருத்து, மற்ற இரு பக்கங்களும் மெலிந்துவிடுகின்றன.

சுண்ணாம்புக்கயிறு:
சாய்வின்மீது பழி போடுவதை நான் ஏற்கவில்லை. என் தந்தை சுவர் விளம்பரம் எழுதியவர். கயிற்றில் சுண்ணாம்பு தடவிச் சாய்கோடுகள் அடித்து, அவற்றுக்குள் சுழிகளைத் தனியே பெரிதாக வரைவார், எந்த எழுத்தும் அடைபட்டதில்லை. கேடு செய்வது ஆங்கில எழுத்துக்கு ஏற்ற வெட்டை அப்படியே தமிழுக்குக் கொண்டுவருவதுதான். இஎஸ்பிஎன் என்ற அமெரிக்க விளையாட்டுத் தொலைக்காட்சியின் லோகோவில் 1985 முதல் எழுத்துகளின் குறுக்கே ஓடும் கீற்று அங்கே அழகாகப் பொருந்துகிறது. அதே கீற்றை ஒரு பேருந்தின் பின்கண்ணாடியில் தமிழ்ப் பெயருக்கு இட்டிருந்ததைப் பார்த்தேன். ஐகாரத்தின் சுழி இரண்டாகப் பிளந்து கிடந்தது.

அச்சுக்கோப்பு:
நானும் ஒரு திருமண ஃபிளெக்ஸில் புள்ளிகள் நீள்வட்டமாகச் சாய்ந்து அடுத்த எழுத்தோடு ஒட்டியதைக் கண்டிருக்கிறேன். வரிவடிவன் கேட்கவில்லை என்றாலும், அடுத்த ஜெர்சிக்கு முன் இவற்றைச் செய்யச் சொல்லுங்கள். சாய்வை 8 முதல் 10 பாகைக்குள் நிறுத்துங்கள். வடிவமைப்பு மென்பொருளில் எழுத்தைத் திருத்தக்கூடிய வெளிக்கோடாக மாற்றி, ணகரத்தை மற்ற எழுத்துகளைவிட அகலமாக்கி, சுழிகளின் உள்வெளியைக் கையால் திறந்துவிடுங்கள். ட, ப, ம, ய ஆகியவற்றுக்கு இயல்பாகவே மூலைகள் உண்டு என்பதால் கூர்மையை அங்கே எவ்வளவு வேண்டுமானாலும் காட்டலாம். ண, ஞ, ஐ ஆகியவற்றின் வளைவை மட்டும் விட்டுவிடுங்கள். புள்ளியைச் சாய்ந்த சிறு கட்டமாகப் புதிதாக வரைந்து, எழுத்தின் தலைக்கு நேராக வையுங்கள். தாரிக் அஸீஸ் வடிவமைத்த 'கவிவாணர்' என்ற எழுத்துரு கையெழுத்துச் சாயல் கொண்டது, ஜெர்சிக்குப் பொருந்தாது. ஆனாலும் சாய்வாகவே பிறந்த தமிழெழுத்து எப்படி நிற்கும் என்பதை அதில் பார்த்துக்கொள்ளலாம். இறுதியாக, பெயரை உள்ளங்கை அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அறையின் மறுமுனையில் நின்று, பெயரை முன்பே அறியாத ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள்.

வரிவடிவன்:
வடிவமைப்பாளரிடம் இன்றே காட்டுகிறேன். ணகரத்தை அகலமாக்கினால் பெயர் மார்புப் பட்டையைத் தாண்டிவிடும் என்று அவர் சொல்வார். அப்படியானால் 'மைந்தர்' என்பதை இரண்டாம் வரிக்கு இறக்கச் சொல்லப்போகிறேன்.